தேன்பெட்டி முன்னால் பெருக்கக் கூடாது

எங்கள் வீட்டு மரத்து இலைகூட யோசித்துத்தான் உதிரும் என்று பக்கத்து வீட்டு மாமா கேலி செய்வார். அம்மாவின் துடைப்பத்துக்கு அவ்வளவு பேர். ரிச்சர்ட்ஸ் டவுனில் எல்லோரும் காலையில் வாசல் பெருக்குவார்கள். அம்மா கேட்டைத் தாண்டி, கார்ப்பரேஷன் சாக்கடை ஓரம் வரை பெருக்குவாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பிப் பாதித் தெரு போனவள், திரும்பி வந்து ஒரே ஒரு சருகைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். 'கலீஜ்' என்பதுதான் அவள் வாயில் வந்த மிகப் பெரிய வசவு. ஒருவரைப் பார்த்து அவள் அப்படிச் சொல்லிவிட்டால் அவருக்கு எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு காபி கிடையாது.

இப்படிப்பட்டவள்தான் சபை முழுக்கப் பார்க்கக் குப்பையை ஏலத்துக்குக் கொண்டுவந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அப்பா போய்விட்டார். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தாள். எனக்கு டைப்ரைட்டிங் படிக்கவைத்து, கன்டோன்மென்ட்டில் ஒரு ஆபீசில் வேலைக்குப் போகும்படி செய்தாள். தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மாதர் சங்கத்தில் ஒரு நாள் தேன்பூச்சி வளர்ப்பு பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒரு பெட்டி வேணும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம்போல இருந்தது.

பெட்டி வந்தது, பட்டர்ஃப்ரூட் மரத்தடியில் உட்கார்ந்தது. ஒன்று பலவாகி, மரத்தடி ஒரு சின்னத் தெருவாகவே ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் பைபிள் வாசிப்பு, பிறகு பெருக்கல், பிறகு கையில் காபியோடு பெட்டிகளுக்கு முன்னால் நிற்பது. தேன்பூச்சிகள் புங்கமரத்துக்கும் யூகலிப்டஸுக்கும் கிளம்பிப்போவதை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவள்போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து சபையில் பல வீடுகளில் பெட்டி வைத்தார்கள். சபைக்கு வெளியேயும் வைத்தார்கள். மசூதித் தெரு ரொட்டிக்கடைக்காரர் தன் மாடியில் வைத்தார்.

சட்டசபைக்கென்று கட்டிய விதான சௌதா புதுக்கருக்கு அழியாமல் பளபளத்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில்தான் பூச்சிகள் சாகத் தொடங்கின. மழைக்காலம் முடிந்து பனி இறங்கும்போது, பெட்டி வாசலிலிருந்து பூச்சிகள் கீழே விழும். வயிறு உப்பியிருக்கும், சிறகு நடுங்கும், பறக்க முடியாது. புல்லில் ஊர்ந்து ஊர்ந்து அங்கேயே செத்துப்போகும். பெட்டியின் முகப்பில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை வழிந்திருக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில பெட்டிகள் காலியாயின. காலிப் பெட்டிகளை அம்மா சமையலறைக்குப் பின்னால் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஒரு நாள் ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகாராஜா சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். மூடிய கோட்டும் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரமுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மொட்டை மாடியில் தேன்பெட்டி வைத்திருக்கிறார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும்.

"உங்க பூச்சிங்கெல்லாம் சௌக்கியமாம்மா?" என்றார்.

"ஷோக்கா இருக்குதுங்க சார். உங்களுது?"

"ரொம்ப நல்லா இருக்கு."

இரண்டு பேரும் காபி குடித்தார்கள். அவருடைய கண் சமையலறைப் பக்கத்துச் சாக்குமேல் போனதை அம்மா பார்த்தாள். அம்மா பார்த்ததை அவரும் பார்த்தார்.

"ஊர்ல சில பேர் வீட்ல சாகுதுன்னு சொல்றாங்க" என்றார் மெல்ல.

"நானும் கேள்விப்பட்டேங்க. பாவம், யார் வீட்லயோ."

"ஆமாம்மா. யார் வீட்லயோ. நாமதான் ஏதாவது பண்ணணும்."

எங்கள் ஊர்த் தேன்பூச்சி ஆராய்ச்சி இப்படித்தான் தொடங்கியது. யார் வீட்டிலோ சாகிற பூச்சிகளுக்காக, தன் வீட்டில் எதுவுமே சாகவில்லை என்று சாதிக்கிறவர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்தார்கள்.

பெரியவர் தன் பழைய செல்வாக்கைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். ஆனால் சர்க்கார் பணம் கொடுப்பது மலைநாட்டுக்கும் காபித் தோட்டத்துக்கும்தான், பட்டணத்துப் பெட்டிகள் வெறும் பொழுதுபோக்கு என்றாராம். கடைசியில் மனம் இரங்கி, ஒரு வருஷத்துக்கு ஒரு இளைஞரையும் ஒரு மைக்ரோஸ்கோப்பையும் தருகிறேன், மற்றச் செலவை எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"மற்றச் செலவுக்கு எங்கே போறது?" என்று பெரியவர் கேட்டார்.

"அறுப்பின் பண்டிகைக்கு வாங்க சார்" என்றாள் அம்மா.

எங்கள் அறுப்பின் பண்டிகையில் அவரவர் வீட்டில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, முட்டை, வீட்டில் சுட்ட கேக். ஆராதனை முடிந்ததும் பந்தலில் அவை ஏலத்துக்கு வரும். அதில் ஒரு வழக்கம் உண்டு. அதிக விலை கேட்டு வாங்கினவர் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார். "மறுபடி போடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதையே இன்னொருவர் வாங்குவார், அவரும் திருப்பித் தருவார். ஒரு கோழிமுட்டை இப்படிச் சபை முழுக்கச் சுற்றி வந்து ஒரு கோழிப்பண்ணையின் விலைக்குப் போனதுண்டு.

அந்த வருஷம் போதகர் சம்மதித்து, அம்மாவின் ஒரு பாட்டில் தேனைத் தேன்பூச்சி ஆராய்ச்சிக்கென்று ஏலம் போட்டார்கள். ஒக்கலிபுரத்துப் பெரியவர் செருப்பைப் பந்தலுக்கு வெளியே விட்டுவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். உற்சாகமாக விலை கேட்டு முதலில் அவரே பாட்டிலை வாங்கிவிட்டார். வாங்கினவர் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏலக்காரர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார், இவர் கொடுக்கமாட்டேன் என்கிறார்.

"காசு குடுத்து வாங்கினதை ஏங்க திருப்பித் தரணும்?"

பந்தல் சிரித்தது. விஷயத்தை விளக்கியதும் அவர் எழுந்து, பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "மறுபடி போடுங்க!" என்று தர்பாரில் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ரொட்டிக்கடைக்காரர் வாங்கினார். பிறகு ஆலயத்து ஆர்கன் வாசிக்கும் அம்மா வாங்கினார். பாட்டில் சுற்றச் சுற்ற ஒரு வருஷத்துச் செலவு சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றி எனக்கு அன்று ஏற்பட்ட பெருமை இன்னும் குறையவில்லை. யாரும் தூக்கிக் கொடுக்காததை, ஒரு பாட்டில் தேனைக் கைமாற்றிக் கைமாற்றியே நாங்கள் சம்பாதித்தோம்.

ஆராய்ச்சிக்கார இளைஞர் சைக்கிளில் வந்தார். தும்கூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், ஒல்லி, கூச்ச சுபாவம். செவ்வாய்க்கிழமைதோறும் வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைப் பார்ப்பார், சின்னச் சீசாக்களில் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு போவார்.

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் வீட்டில் பண்டிகைதான். விடிவதற்குள் அம்மா பெட்டிகளுக்கு முன்னால் பெருக்கிவிடுவாள். முகப்பில் வழிந்த கறையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைப்பாள். நோஞ்சான் பெட்டியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு, இருப்பதில் நல்ல பெட்டியைத் திறந்து காட்டுவாள். அதற்கப்புறம் பணியாரம், காபி. மற்ற வீடுகளிலும் இதே கதைதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஒக்கலிபுரத்தில் மாடியைக் கழுவிவிட்டு, பெட்டிக்கு முன்னால் கோலமே போட்டிருந்தார்களாம். ரொட்டிக்கடைக்காரர் சூடான பன்னோடு காத்திருப்பாராம். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒருவர் வருகிறார், வீடு அலங்கோலமாக இருந்தால் என்ன நினைப்பார்? இதில் யாருக்கும் கள்ளம் கிடையாது. விருந்தாளி வரும்போது செய்வதைத்தான் செய்தார்கள்.

வருஷம் ஓடியது. இளைஞர் எங்கள் ஊர்ப் பலகாரத்தில் கொஞ்சம் சதை போட்டார். கண்ணுக்குத் தெரிந்த பலன் அது ஒன்றுதான்.

மறுபடி மழை முடியும் சமயம் போதகர் வீட்டு ஹாலில் கூட்டம் போட்டார்கள். இளைஞர் எழுந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, "எந்த வீட்லயும் ரோகம் காணலைங்க. எல்லார் பூச்சியும் நல்லா இருக்கு. மேலதிகாரி, இத்தோட சாக்குன்னுட்டார்" என்றார். 'சாக்கு' என்றால் கன்னடத்தில் 'போதும்'. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். முகத்தில் ஈயாடவில்லை ஒருவருக்கும். அந்த வாரம்தான் எங்கள் மரத்தடியில் இன்னொரு பெட்டி காலியாகியிருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. அம்மா கையைக் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்குதுன்னா சந்தோஷம்தானே" என்றாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் இளைஞரின் சைக்கிள் எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஆனது. நல்ல தூறல். ஒதுங்க இடம் தேடி எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அம்மா குப்பை முறத்தோடு மரத்தடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். முறத்தில் பட்டர்ஃப்ரூட் சருகும், செத்த பூச்சியும், சாகாமல் ஊர்ந்துகொண்டிருந்த பூச்சியும் கலந்து கிடந்தன. அம்மா முறத்தைச் சேலைக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். மறைக்க முடியாத அளவுக்குப் பெரிய முறம்.

"அம்மா, இது எங்க போகுது?"

"குப்பைக்குத்தான் தம்பி."

"தினம் இப்படி விழுதா?"

"தினம்தான் பெருக்குறேனே. நீங்க வர்ற வீட்டைக் கலீஜா வெச்சிருக்க முடியுமா?"

அவர் அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "வருஷம் பூரா நான் தேடினது இதைத்தாம்மா" என்றார். அவருக்கு வேண்டியது நல்ல பூச்சிகள் அல்ல, விழுந்த பூச்சிகள். எங்கள் எல்லோருடைய துடைப்பங்களும் அவருக்கு அரைமணி நேரம் முன்னால் எழுந்து அதை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன.

முறத்தோடு வாங்கிக்கொண்டு போனவர் இரண்டு நாளில் திரும்பி வந்தார். பூச்சிகளின் வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறது, கழிச்சல் நோய், அந்தக் கறை அதனால்தான் என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் வீட்டுப் பூச்சிக்கு வயித்துப்போக்கா?"

"உங்க வீட்டுது மட்டும் இல்லம்மா. எல்லார் வீட்லயும் இருக்கும். ஆனா ஒரு வீட்டுக் குப்பையை வெச்சு ஊருக்கு மருந்து சொல்ல முடியாதுன்னு மேலதிகாரி சொல்றார். பல வீட்டுக் குப்பை வேணும். இன்னொரு வருஷம் வேணும்."

அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் கிடையாது என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். ஒக்கலிபுரத்தில் இன்னொரு கோலம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அம்மா மரத்தடியில் பெருக்குவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள், அவ்வளவு அருவருப்பு. விழுந்த பூச்சிகளைத் தாளால் வாரி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தாள். பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் அந்த டின்னைக் கைப்பையில் வைக்கிறபோதுதான் எனக்குப் புரிந்தது.

"அம்மா, ஆலயத்துல வேணாம். நம்ம மானம் கப்பலேறிடும்."

அவள் பட்டர்ஃப்ரூட் மரத்தைப் பார்த்தாள். "ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி இருக்கு. அதுவும் போயிட்டா காலையில நான் எதைப் பார்க்க எழுந்திருப்பேன், சொல்லு."

மறுநாள் பந்தலில் போன வருஷத்துக் கூட்டமே கூடியிருந்தது. வாழைத்தார் போயிற்று, கோழி போயிற்று. அம்மாவின் முறை வந்தபோது ஏலக்காரர் தேன் பாட்டிலுக்குக் கை நீட்டினார். அம்மா மேசைமேல் பிஸ்கட் டின்னை வைத்து மூடியைத் திறந்தாள். பக்கத்தில் கறை படிந்த ஒரு தேனடையையும் வைத்தாள். துடைக்காத அடை. குரல் தையல் கிளாஸில் பேசுகிற குரல்தான்.

"இது என் வீட்டுக் குப்பை. பூச்சிங்களுக்குக் கழிச்சல் நோய். யார் வீட்லயோ இல்ல, என் வீட்லதான். தம்பி வரும்போதெல்லாம் பெருக்கி மறைச்சிட்டேன், அதனாலதான் அவருக்கு ரோகம் கிடைக்கல. ஏலம் போடுங்க."

ஏலக்காரர் போதகரைப் பார்த்தார். போதகர் டின்னைப் பார்த்தார். யாரோ ஒரு அம்மாள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த அம்மாளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. ஒக்கலிபுரத்துப் பெரியவர் எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு ஒரு விலை சொன்னார். போன வருஷம் தேனுக்குக் கேட்டதைவிட அதிகம். போட்டிக்கு யாரும் கேட்கவில்லை. ஏலக்காரர் டின்னை அவரிடம் கொடுத்தார். அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எங்க மாடியிலும் இதேதான். கோலத்துக்கு அடியில எல்லாம் கறை. செவ்வாய்க்கிழமை நானும் ஒரு டின் தர்றேன்." பிறகு இரண்டு கையாலும் டின்னைத் தூக்கி, "மறுபடி போடுங்க" என்றார்.

ரொட்டிக்கடைக்காரர் கேட்டார். டின்னை வாங்கிக்கொண்டு, "நம்ம மாடியிலயும்தான்" என்றார், திருப்பிக் கொடுத்தார். ஆர்கன் அம்மா வாங்கினார். "எங்க வீட்லயும் உண்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் வாங்கினாலும் விலையைச் சொல்வார்கள், தன் வீட்டு விஷயத்தைச் சொல்வார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். மூக்கைப் பொத்தின அம்மாளும் கடைசியில் வாங்கினாள். அந்தக் குப்பை டின், தேன் பாட்டிலைவிட நல்ல விலைக்குப் போயிற்று. அம்மா மேசைக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ நாளில் அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், அன்றுபோல என்றும் கர்வப்பட்டதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை இளைஞருடைய சைக்கிள் கேரியரில் டின்கள் கலகலத்தன. வீட்டுக்கு வீடு குப்பையைப் பத்திரப்படுத்தித் தந்தார்கள். ஒரு வீட்டில் டின்னுக்கு ரிப்பன்கூடக் கட்டிக் கொடுத்தார்களாம். கிருமி எல்லா வீட்டுப் பூச்சியிலும் இருந்தது. எங்கே பூச்சிகள் சாக்கடைத் தண்ணீர் குடித்தனவோ, எங்கே பெட்டி ஈரத்திலும் நிழலிலும் இருந்ததோ, அங்கே அதிகமாக இருந்தது. கறை படிந்த பழைய அடைகளை எரிக்கச் சொன்னார். பெட்டிகளை வெயிலுக்கு நகர்த்தச் சொன்னார். பக்கத்தில் மண்தட்டில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றச் சொன்னார். அம்மா தன் அடைகளைத் தானே எரித்தாள். மரத்தடியை விட்டுப் பெட்டியை முன்வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தாள். எந்த ஆராய்ச்சிக்குப் பணமில்லை என்று நிலையம் கையை விரித்ததோ அதே ஆராய்ச்சியை, பிறகு அவர்களே மற்ற ஊர்களுக்கு எடுத்துப் போனார்கள். ஒக்கலிபுரத்துப் பெரியவர் அதைத் தன் பேரன் பட்டம் வாங்கினதுபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எல்லாம் முடிந்து, அடுத்த பனிக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இளைஞர் வந்தார். பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து தரையைத் தேடினார். ஒரு பூச்சிகூட விழுந்திருக்கவில்லை. பழைய அனுபவம் அவரை விடவில்லை.

"பெருக்கிட்டீங்களாம்மா?" என்றார், சந்தேகமாக.

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பெட்டியைச் சுற்றிக் கையை நீட்டிக் காட்டினாள். கணுக்கால் மூழ்கும் அளவுக்குச் சருகு, காற்று கொண்டுவந்த காகிதம், காக்கை போட்ட எலும்பு, எங்கேயோ இருந்து வந்த ஒரு ஒற்றைச் செருப்பு. முன்வாசலில், தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும் இடத்தில்.

"நல்லாப் பாருங்க தம்பி" என்றாள் அம்மா. "பொங்கலுக்கு முன்னாடியிலிருந்து இங்க துடைப்பம் படலை. எவ்ளோ கலீஜா இருக்கு பாருங்க."